பழைய பார் கோப்பைகளை ஆன்லைன் ஏலத்தில் விற்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் கடைகளில் கண்ணாடிச் சாமான் அலமாரி ஒன்று கட்டாயம் இருக்கும். காபி குவளைகளுக்கும் பூச்சாடிகளுக்கும் நடுவே, தங்கக் கோடு போட்ட விஸ்கி கிளாஸ் நான்கு ஒதுங்கி நிற்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் எங்கோ ஒருவர் அதே டிசைனைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் வீட்டு செட்டில் ஒன்று உடைந்திருக்கும். அந்தக் கிளாஸை அவரிடம் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதுதான் நம் வேலை.

புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஏலத் தளத்தில் எப்படிப் பதிவு செய்வது என்பதைத்தான். அதை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். கடையில் நின்று கோப்பையைக் கையில் பிடிக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் பழக்கம் தேவை. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

படி 1: எதைத் தேடுவது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் முடிந்த பிறகு, வீட்டிலேயே காக்டெயில் கலந்து பரிமாறும் வழக்கம் பரவியது. ஷேக்கர் (காக்டெயிலைக் குலுக்கிக் கலக்கும் மூடிய குவளை), ஐஸ் பக்கெட், டிகேன்டர் (மதுவை ஊற்றி வைக்கும் மூடி போட்ட கண்ணாடிக் குடுவை), கிளாஸ் செட் என்று ஏராளமாகத் தயாரித்தார்கள். 1950, 60-களில் தங்க வேலைப்பாடு கொண்ட கிளாஸ்கள் குவிந்தன. இன்று பழைய கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி அந்தக் காலத்துச் சரக்குதான்.

சில பெயர்களை மனதில் வையுங்கள். கல்வர் என்பது நியூயார்க்கின் புரூக்ளினில் இயங்கிய நிறுவனம். 22 காரட் தங்கத்தைக் கண்ணாடி மேல் பதித்து வேலை செய்தார்கள். பச்சையும் தங்கமும் சேர்ந்த 'வலென்சியா' டிசைனை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். பல கிளாஸ்களில் டிசைனோடு சேர்த்தே பெயரும் கையெழுத்துப் போல இருக்கும். ஜார்ஜ் பிரியார்ட் செட்டுகளிலும் கையெழுத்து உண்டு. அந்த வடிவமைப்பாளரின் உண்மையான பெயர் யாஷா பிராய்டோ. லிபி என்ற நிறுவனத்தின் கிளாஸ் என்றால் அடியில் வளைந்த 'எல்' எழுத்தைத் தேடுங்கள். வாட்டர்ஃபோர்ட் கிறிஸ்டலின் அடியில் அமிலத்தால் பொறித்த பெயர் மங்கலாகத் தெரியும். பாக்கரா நிறுவனம் 1936 முதல் போடும் வட்டக் குறிக்குள் ஒரு டிகேன்டர், ஒரு கோப்பை, ஒரு டம்ளர் இருக்கும். இந்தக் குறிகளை நேராகப் பார்த்தால் கண்ணில் படாது. கோப்பையை விளக்குக்கு எதிரே சாய்த்து மெதுவாகத் திருப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளிப் பட்டை போட்ட உருண்டை கிளாஸ் எதைப் பார்த்தாலும் டோரதி தோர்ப் என்ற வடிவமைப்பாளரின் பெயரை எழுதி விற்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. குறி இல்லாத பொருளுக்குப் பெயர் சூட்டாதீர்கள். 'வெள்ளி விளிம்பு, குறி இல்லை' என்று எழுதினாலும் வாங்க ஆள் வருவார்கள். பிறகு திருப்பி அனுப்பவும் மாட்டார்கள்.

படி 2: கையால் பாருங்கள்

கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். ஆள்காட்டி விரலின் நுனியை விளிம்பின் மேல் மிக லேசாக வைத்து ஒரு முழுச் சுற்று வாருங்கள். கடுகளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் விரல் அங்கே தடுக்கும். அழுத்தித் தேய்த்தால் விரலை வெட்டிவிடும், கவனம். அப்புறம் கோப்பையைக் கவிழ்த்து அடிவட்டத்திலும் அதே சுற்று.

இந்த அடிவட்டத்தைப் பார்க்காமல் விட்டு ஒருமுறை நன்றாகவே பட்டிருக்கிறேன். காம்பு வைத்த கோப்பை ஆறு, மேல் விளிம்பு ஒவ்வொன்றும் சுத்தம். மகிழ்ச்சியோடு வாங்கி வந்து வீட்டில் துடைக்கும்போதுதான் இரண்டின் பாதத்தில் சில்லு போயிருப்பது தெரிந்தது. ஆறு செட்டாக விற்க வேண்டியது நான்காகிப் போனது.

அடுத்து மங்கல். கோப்பை புகை படிந்ததுபோல் இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். உப்பு நீர்க் கறை என்றால் வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பல வருடம் கழுவிக் கண்ணாடியே அரித்துப் போயிருந்தால் எதைச் செய்தாலும் போகாது. நனைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை இரண்டுமே பளிச்சென்று தெரியும். சந்தேகம் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். தங்கம் தேய்ந்ததும் இப்படித்தான், திரும்பி வராது. வாய் படும் விளிம்பில் முதலில் பாருங்கள்.

டிகேன்டர் என்றால் மூடியைப் போட்டுப் பாருங்கள். ஆடினால் அது வேறு பாட்டிலின் மூடியாக இருக்கலாம். சில பழைய டிகேன்டர்களில் கழுத்திலும் மூடியிலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். பொருந்தினால் நல்லது, அதைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். ஷேக்கரில் மேல் தொப்பி காணாமல் போவது சகஜம். வடிகட்டியும் தொப்பியும் சேர்ந்த மூன்று பாக ஷேக்கருக்கு எட்வர்ட் ஹாக் என்பவர் 1884-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். மூன்று பாகமும் இருந்தால்தான் அது முழுப் பொருள்.

படி 3: விற்ற விலையைப் பாருங்கள்

காசு கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே போனை எடுங்கள். ஈபே என்ற ஏலத் தளத்தில் தேடிவிட்டு, 'விற்றவை' மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். விற்காமல் கிடப்பவை எவ்வளவு விலை சொன்னாலும் அதற்கு அர்த்தமில்லை. எத்தனை விற்றன, எந்த நிலையில் இருந்தவை விற்றன என்பதையும் பாருங்கள்.

பிறகு கழித்துப் பாருங்கள்: தளத்தின் கட்டணம், பெட்டி, பபுள் ராப், அனுப்பும் செலவு. ஈபே போன்ற தளங்களில், வாங்குபவர் கொடுக்கும் அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்குக் கட்டணம் போடுவார்கள். புதியவர்கள் இங்கேதான் கணக்கைத் தவற விடுகிறார்கள். கனமான கிறிஸ்டல் ஐஸ் பக்கெட் பார்க்க அழகுதான், ஆனால் அனுப்பும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

படி 4: கழுவி, படம் எடுத்து, எழுதுங்கள்

தொட்டியில் ஒரு துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில், கையால் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். தங்கத்தின் மேல் தேய்ப்பான் வேண்டாம். விலைச் சீட்டின் பசையைச் சமையல் எண்ணெய் தடவி எடுக்கலாம்.

ஜன்னல் வெளிச்சம் போதும். நிறமில்லாத கண்ணாடிக்குக் கறுப்புத் துணியும் நிறக் கண்ணாடிக்கு வெள்ளைத் தாளும் பின்னால் வையுங்கள். குறை இருந்தால் அதற்குத் தனிப் படம், விரலால் சுட்டிக்காட்டி. ஈபே தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். அதில் நிறுவனம், டிசைன் பெயர், பொருள், எண்ணிக்கை போதும். 'அற்புதம்', 'அரிது' என்று யாரும் தேடுவதில்லை. உயரத்தையும் கொள்ளளவையும் உள்ளே எழுதுங்கள். ஒரே டிசைனில் பல அளவு உண்டு. உடைந்த ஒன்றுக்கு மாற்றுத் தேடுபவர் அதைத்தான் முதலில் கேட்பார். மது உள்ள பாட்டில்களைத் தொடவே வேண்டாம். காலி டிகேன்டர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: ஏலமா, நிலையான விலையா?

அடிக்கடி கிடைக்கும் பொருளுக்கு நிலையான விலை போடுங்கள். ஏலம் சூடுபிடிக்கக் குறைந்தது இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஆசைப்பட வேண்டும். அதனால் எளிதில் கிடைக்காத டிசைன், முழு செட், அசல் பெட்டி அல்லது கம்பித் தாங்கியோடு வரும் செட் இவற்றை ஏலத்துக்கு விடுங்கள். நான் 7 நாள் ஏலம்தான் வைப்பேன், முடிவு ஞாயிறு மாலையில் வருமாறு. தொடக்க விலை, ஒரே ஒருவர் கேட்டு எடுத்தாலும் உங்களுக்கு வருத்தம் வராத தொகையாக இருக்கட்டும்.

படி 6: உடையாமல் அனுப்புங்கள்

பதிவு போடுவதற்கு முன்பே பெட்டியைத் தேர்ந்தெடுத்து அளந்துவிடுங்கள். எடை குறைவாக இருந்தாலும், பெட்டி பெரிது என்றால் கூரியர்காரர்கள் அதன் அளவை வைத்தே கட்டணம் போடுவார்கள்.

ஒவ்வொரு கோப்பையின் வயிற்றிலும் மெல்லிய வெள்ளைத் தாளைக் கசக்கி, இறுக்காமல் நிரப்புங்கள். காம்பு உள்ளதென்றால், காம்பு கோப்பை அளவுக்குத் தடிக்கும்வரை தாளைச் சுற்றுங்கள், முறிவது அங்கேதான். அச்சிட்ட செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். அதற்கு மேல் பபுள் ராப் இரண்டு சுற்று. கண்ணாடியும் கண்ணாடியும் தொடாதபடி நடுவே அட்டைத் தடுப்பு வைத்து, நிமிர்ந்த நிலையில் அடுக்குங்கள். டிகேன்டர் மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். இந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, ஆறு பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு நிரப்புங்கள்.

மூடிய பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். எதுவும் நகரக் கூடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் டேப்பை வெட்டித் திறந்து, மறுபடி கட்டுங்கள்.