காபா மாத்திரை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

தூக்கம் வரவில்லை, மனசு படபடக்கிறது என்று இணையத்தில் ஒரு தடவை தேடிவிட்டால் போதும், அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் காபா மாத்திரை விளம்பரம் பின்னாலேயே வரும். வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். காபா கதை கட்டிய பொருள் இல்லை. நரம்பணுக்கள் தேவையில்லாமல் துள்ளாதபடி அடக்கிவைக்கிற முக்கியமான வேதிப்பொருள் அது, 1950லேயே மூளையில் கண்டுபிடித்துவிட்டார்கள். சிக்கல் எங்கே என்றால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, அது கண்டதையும் உள்ளே விடாது. விழுங்குகிற காபாவில் மூளைக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு என்றுதான் பொதுவாகக் கருதப்படுகிறது. சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. காபா வந்து ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற இடங்களான ஏற்பிகள் குடலிலும் உண்டு, மாத்திரை போட்டுவிட்டோம் என்கிற தைரியத்துக்கும் ஒரு பலன் உண்டு. ஆனால் அதற்குக் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

மூளை தனக்கு வேண்டிய காபாவைத் தானே செய்துகொள்கிறது. எதிலிருந்து என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: நரம்புகளைக் கிளப்பிவிடுகிற குளூட்டமேட்டிலிருந்துதான். ஒரு நொதி அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றிவிட்டு, அதையே அடக்கிவைக்கிற பொருளாக மாற்றிவிடுகிறது. குளூட்டமேட்டுக்குப் பஞ்சமில்லை, உடம்பே தயாரித்துக்கொள்ளும். ஆனால் அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 கட்டாயம் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற ஒரு கைக்குழந்தைப் பால் உணவில், தயாரிக்கும்போது கொடுத்த சூட்டில் பி6 அழிந்துபோய், அதைக் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது, பி6 கொடுத்ததும் நின்றது. பெரியவர்களுக்கு அந்த அளவுக்குக் குறைவது அரிது. இருந்தாலும் நிறையக் குடிப்பவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது நிஜமாகவே குறையலாம். ஐசோனியாசிடோடு சேர்த்து மருத்துவர்கள் பி6 எழுதிக்கொடுப்பதும் இதனால்தான்.

எனவே முதல் வேலை, அன்றாடம் சாப்பிடுவதில் பி6 இருக்கிறதா என்று பார்ப்பது. 50 வயது வரை ஒரு நாளைக்கு 1.3 மில்லிகிராம் போதும், அதற்கு மேல் வயதானவர்களுக்குச் சற்றே கூடுதல். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் வந்துவிடும், அப்புறம் கொண்டைக்கடலை, மீன், கோழி, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒழுங்காக மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. பதற்றத்தில் பசி செத்துப்போய், காபியும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறவருக்குத்தான் இது விஷயம்.

சரி, பி6 மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாமா? 2022இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் தினமும் 100 மில்லிகிராம் பி6 கொடுத்துப் பார்த்தார்கள், பதற்றம் கொஞ்சம் குறைந்ததாக எடுத்துக்கொண்டவர்கள் சொன்னார்கள். பலன் சிறியதுதான். ஆனால் 100 மில்லிகிராம் என்பது தேவையைப் போல எழுபது மடங்குக்கு மேல். பி6 அதிகமாகி நாள்பட்டால் கைகால் மரத்துப்போவது, எரிச்சல், நடையில் தடுமாற்றம் என்று நரம்பையே பதம் பார்க்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்துவிட்டது. வீட்டில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு என்று இருக்கும், அதுதான் பி6. மல்டிவைட்டமினில் கொஞ்சம், மெக்னீசியம் மாத்திரையில் கொஞ்சம், தூக்கத்துக்கு என்று வாங்கியதில் கொஞ்சம், எனர்ஜி பானத்தில் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினால் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும்.

மெக்னீசியத்தைப் பற்றி ஊதிப் பெரிதாக்கிச் சொல்வார்கள். குளூட்டமேட்டின் ஒரு வகை ஏற்பியை அடைத்துப் பிடித்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று, அது உண்மை. ஒரு கைப்பிடி பூசணி விதை அல்லது பாதாம், கீரை, பருப்பு, முழுதானியம், இவை தட்டில் இருந்தால் போதும். தயிர் போன்ற புளித்த உணவுகளில் சில நுண்ணுயிரிகள் காபாவையே தயாரிக்கின்றன. எலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் என்ற நுண்ணுயிரியில் ஒரு வகையைக் கொடுத்தபோது பதற்றம் குறைந்து, மூளையின் காபா ஏற்பிகள் மாறியதையும், குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் காணாமல்போனதையும் 2011இல் காட்டினார்கள். எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தயிர் பிடித்தால் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்துவிட்டு ராத்திரி இரண்டு பெக் போட்டால் பயன் இல்லை. மது காபா ஏற்பிகளின் வேலையைக் கூட்டிவிடுகிறது, அந்த இதம் பொய்யில்லை. ஆனால் தினமும் நடந்தால் மூளை அதற்கு எதிராகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, மது இறங்க இறங்க அடக்குகிற பக்கம் பலவீனமாகி, கிளப்புகிற பக்கம் ஓங்கிவிடும். விடியற்காலை மூன்று மணிக்குத் திடுக்கிட்டு விழிப்பு வந்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் படபடப்பை அடக்க மறுநாள் மறுபடியும் குடிப்பதுதான் பொறி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பல காலமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

காபியின் கதை வேறு, அது வேலை செய்வது முக்கியமாக, தூக்கம் வரவைக்கிற அடினோசின் என்ற பொருளின் ஏற்பியில். ஆனால் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும், அதனால் மதியத்துக்குமேல் வேண்டாம்.

உடம்பை அசைப்பதும் இதில் சேரும். பாஸ்டனில் 2007இல் செய்த ஒரு சிறிய ஆய்வில், ஒரு மணி நேரம் யோகா செய்தவர்களின் மூளையில் காபா 27 சதவீதம் கூடியிருந்தது, உட்கார்ந்து படித்தவர்களிடம் மாற்றம் இல்லை. ஆட்கள் மிகக் குறைவு என்பதால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். யோகா பிடிக்காதவர்கள் மூச்சு வாங்கும்படி வேகமாக நடக்கலாம்.

இவை எதுவும் மருந்துக்குப் பதில் இல்லை. பதற்றத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கிற டயஸிபாம், அல்பிரஸோலம் மாதிரி மாத்திரைகள் காபா ஏற்பியில் நேரடியாக வேலை செய்பவை, சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டோம் என்று அவற்றைப் பட்டென்று நிறுத்தினால் மதுவை நிறுத்தியது போலவே வலிப்பு வரை போகும். தூக்க மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் அதோடு காபா மாத்திரையைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு வாரமாகியும் பதற்றமோ சோர்வோ விடாமல் வேலையைக் கெடுக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே பாருங்கள். போகும்போது அந்த டப்பாக்களையும், கூட்டி எழுதிய தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.