மூணாறை ஆற்றிலிருந்து படிப்பது எப்படி

மூணாறுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலையுச்சியின் காட்சிமுனைகளில் தொடங்கி, தேயிலைச் சரிவுகளைப் படமெடுத்துக்கொண்டு, கடைசியில் கடைவீதிக்கு வந்து சாக்லேட்டும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊரின் வரலாற்றையும் நிலவியலையும் அறிந்துகொள்ள விரும்புகிறவர் இதைத் தலைகீழாக்கி, ஊரின் தாழ்வான இடத்தில், ஆறுகள் கூடும் இடத்தில் தொடங்க வேண்டும். இரண்டு நாட்கள் போதும்: முதல் நாள் ஊருக்குள் நடந்து பார்ப்பதற்கு, இரண்டாம் நாள் வண்டியில் வெளியே சென்று வருவதற்கு. மழை ஓய்ந்து வானம் தெளியும் டிசம்பரும் ஜனவரியும் இதற்கு ஏற்ற மாதங்கள். அதற்குப் பின் போனால், வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்துக்காக இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு குறிப்பேடும், ஆறுகளின் பெயர் போட்ட ஏதேனும் ஒரு வரைபடமும் இருக்கட்டும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊருக்கு, மூன்று ஆறுகள் கூடுவதால் மூணாறு என்று பெயர். எந்த மூன்று என்று கேட்டால், முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற பெயர்கள்தான் வழக்கமாகக் கிடைக்கும். பாலத்தின் மேல் நின்று பார்க்கும்போது கணக்கு சற்று மாறுகிறது. கிழக்கே மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து குண்டளையாறும், நல்லதண்ணி எஸ்டேட் பக்கமிருந்து நல்லதண்ணியாறும், வடக்கே பெரியவரை வழியாகக் கன்னியாறும் வந்து சேர, மூன்றும் கலந்து கீழே இறங்கும் நீருக்குத்தான் முதிரப்புழை என்று பெயர். ஆகவே முதல் வேலையாக, நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்து நீங்களே ஒரு கோட்டுப்படம் போட்டுக்கொள்ளுங்கள். முதிரப்புழை மலையிறங்கிப் பெரியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது என்பதையும் அதில் ஓர் அம்புக்குறியாகச் சேர்த்துவிடுங்கள்; இரண்டாம் நாள் மறையூர்ச் சாலையில் இந்த அம்புக்குறி தேவைப்படும்.

அடுத்து இடப்பெயர்களைப் படிக்க வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு, ஏனென்றால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள இந்தப் பள்ளத்தாக்கின் பெயர்களில் பல தமிழாகவே படிக்கக் கிடைக்கின்றன. பெரியவரை, வாகுவரை, செண்டுவரை ஆகியவற்றில் உள்ள ‘வரை’ என்பது மலையைக் குறிக்கும் பழைய சொல்; பாறைச் சரிவில் வாழும் வரையாட்டுக்கும் அதனால்தான் அந்தப் பெயர். ஆனைமுடியிலும் பெட்டிமுடியிலும் ‘முடி’ என்றால் சிகரம். மாட்டுப்பட்டி என்பது மாடு அடைக்கும் பட்டி. 1963-இல் இந்திய சுவிஸ் கூட்டு முயற்சியாகக் கால்நடைப் பண்ணை ஒன்று அமைந்த இடமும் அதுவே என்பதால், பண்ணையால் அந்தப் பெயர் வந்தது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு, பெயர்தான் மூத்தது. பேருந்தின் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், உள்ளூர்க்காரர் ஒருவரை உரக்கச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வது நல்லது. தோட்டக் கணக்குப் புத்தகங்களின் எழுத்துக்கூட்டல் பல பெயர்களை உருத்தெரியாமல் சிதைத்திருக்கிறது.

ஊருக்குள் நிற்கும்போது சுற்றிலும் மூன்று குன்றுகளைப் பாருங்கள். ஒன்றில் சுப்பிரமணியர் கோயில், ஒன்றில் பள்ளிவாசல், ஒன்றில் 1898-இல் தொடங்கப்பட்ட மவுண்ட் கார்மல் தேவாலயம். இவற்றுக்கு நடுவே ஆற்றோரத்தில் கடைவீதி நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. இவ்வளவு நிலம் சுற்றிக் கிடக்க, ஊர் மட்டும் ஏன் இப்படிக் குறுகிக் கிடக்கிறது என்ற கேள்விக்கு விடை, பள்ளத்தாக்கின் சரிவைக் காட்டிலும் அதன் பத்திரங்களில்தான் இருக்கிறது. 1877-இல் பூஞ்ஞார் அரச குடும்பம் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலைகளைச் சாசனம் எழுதிக் கொடுத்தது. பரப்பு ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கும் மேல். 1879-இல் வடக்குத் திருவிதாங்கூர் நிலத்தோட்ட வேளாண் சங்கம் ஏற்பட்டது. காப்பி, சிங்கோனா, ஏலம், கற்றாழை நார் எனப் பலவற்றை நட்டுப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. 1964-இல் டாடா பின்லேயாக வந்து, 1983-இல் டாடா டீயாகி, 2005-இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள இன்றைய நிறுவனத்தின் கைக்குத் தோட்டங்கள் மாறின. இடையில் 1971-இல் கேரள அரசு தனிச் சட்டம் இயற்றி, பயிரிடப்படாத பெரும்பகுதி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்த வரிசை தெரிந்தால், ஒரு சாலையின் ஒரு பக்கம் ஒழுங்காகக் கவாத்து செய்த தேயிலையும் மறுபக்கம் முட்டிமோதும் கட்டடங்களும் ஏன் நிற்கின்றன என்பது விளங்கும். நில உரிமை வழக்குகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதற்குள் நுழைந்தால் இரண்டு நாள் போதாது.

பழைய மூணாறில் உள்ள சி.எஸ்.ஐ. தேவாலயத்தை இந்தச் சமயத்தில் பார்த்துவிடலாம். 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கட்டடம் அது. ஆனால் அதன் பின்னே சரிவில் உள்ள கல்லறைத் தோட்டம் தேவாலயத்தைக் காட்டிலும் பழையது. 1894-இல் காலராவில் இறந்த எலனோர் இசபெல் மே என்ற இளம்பெண்ணின் கல்லறைதான் அங்கே முதலாவது. கற்களில் உள்ள ஆண்டுகளையும் வயதுகளையும் வரிசையாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெயர் பொறித்த கல் யாருக்குக் கிடைத்தது, அதே காலத்தில் அதே நோய்களில் மடிந்த கூலிக்காரர்களில் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் சேர்ந்தே பதிவாகும்.

இனி ரயிலுக்கு வருவோம். இன்று தண்டவாளமே இல்லாத மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பதை நம்ப மறுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலமுள்ள இருப்புப்பாதை அமைத்து, நீராவி எந்திரங்களை ஓட்டினார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் போயின. அந்த இடத்துக்கு ‘டாப் ஸ்டேஷன்’ என்று பெயர் வந்ததே அது மேல் நிலையம் என்பதால்தான். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி மலையின் கிழக்குச் சரிவில் கோட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள், போடிநாயக்கனூர் போய், மதுரை வழியே தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்து கப்பலேறின. அதாவது நீர் மேற்கே அரபிக்கடலுக்கு இறங்க, அந்த நீரில் விளைந்த தேயிலை ஆற்றை எதிர்த்து மேலேறிக் கிழக்கே தமிழகத்துக்குள் இறங்கியது. வரைபடத்தில் போட்ட அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையைத் தேடுவது இப்படி. முதலில், ஊரில் உள்ள தேயிலை நிறுவன அலுவலகத்தை வெளியிலிருந்து பாருங்கள். பழைய ரயில் நிலையக் கட்டடம் அதுவே. பிறகு நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால், அந்த ரயில் எந்திரத்தின் சக்கரம் ஒன்றைக் காணலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் நாளைப் பார்த்துப் போங்கள். அங்கே இன்னும் சிலவற்றைக் கவனிக்கத் தவறாதீர்கள்: பெரியகானல் பக்கம் கிடைத்த இரும்புக்கால முதுமக்கள் தாழி, 1920-களில் கன்னிமலை எஸ்டேட்டில் மின்சாரம் எடுத்த நீர்ச்சக்கரம், திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளி 1913-இல் செய்து கொடுத்த கருங்கல் சூரியக் கடிகாரம். திருநெல்வேலிச் சீமைக்கும் இந்த மலைக்கும் இருந்த போக்குவரத்தில் ஆட்களோடு கைவினைப் பொருள்களும் ஏறி வந்திருக்கின்றன. கடைசியாக, 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டாப் ஸ்டேஷனுக்கு இரண்டாம் நாள் காலையில் போங்கள். மதியத்துக்குள் பனிமூட்டம் ஏறிவிட்டால் கீழே தேனிச் சமவெளியும் கோட்டகுடிப் பள்ளமும் கண்ணுக்குக் கிட்டா.

ரயில் என்ன ஆனது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், ‘தொண்ணூத்தொன்பது வெள்ளத்துல போச்சு’ என்பார்கள். 1999 என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அது கொல்லம் ஆண்டு 1099. கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள நிகழ்ச்சிகளுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ளவற்றுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். ஆடி மாத வெள்ளமாகையால் 1924 என்று வரும். நெல்லை, குமரிப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் படிக்கவும் இதே கணக்குதான். 1924 ஜூலையில் தொடங்கி மூன்று வாரம் போலப் பெய்த மழையில் இருப்புப்பாதை முழுக்கப் போனது. மறுபடி யாரும் அதைப் போடவில்லை. குட்டம்புழை, மாங்குளம் வழியே ஆலுவாவிலிருந்து ஏறிவந்த பழைய சாலையும் மலைச்சரிவோடு அழிந்தது. அதற்குப் பதிலாக நேரியமங்கலம், அடிமாலி வழியே புதுச்சாலை போட்டார்கள். பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. கொச்சியிலிருந்து நீங்கள் வந்தால், அந்த ஒரு வெள்ளம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சாலையில்தான் வருகிறீர்கள்.

வெள்ளத்துக்குப் பின் வந்த தலைமுறை ஆற்றைக் கட்டிப்போட்டது. பள்ளிவாசலில் கேரள நிலப்பகுதியில் அரசு அமைத்த முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீரைத் திருப்பிவிடும் சிற்றணை, அக்காலத் திவான் சி.பி. இராமசாமி ஐயரின் பெயரால், பழைய மூணாறில் சாலையோரத்திலேயே நிற்கிறது. உள்ளூரில் ‘ஹெட்வொர்க்ஸ்’ என்று கேட்டால் காட்டுவார்கள். மேலே நீரைத் தேக்கக் குண்டளை அணை 1946-இலும் மாட்டுப்பட்டி அணை 1953-இலும் வந்தன. கோடையில் ஹெட்வொர்க்ஸுக்கு மேலும் கீழும் ஆறு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், நீர் எங்கே போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் பழைய மூணாறு மீண்டும் மூழ்கியது; கன்னியாற்றின் மேல் இருந்த பெரியவரைப் பாலம் போயிற்று. பாலத்தைக் கடக்கும்போது, அது எந்த ஆண்டுப் பாலம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் டாப் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய பின் வடக்கே மறையூர்ச் சாலையில் போங்கள். இடப்பக்கம் இரவிகுளம்: 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. அதன் தென்பகுதியில் 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி. நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டுகள் 2006, 2018. பன்னிரண்டாண்டுக் கணக்கில் அடுத்தது 2030. பூங்காவைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருப்பதால் நான் விட்டுவிடுகிறேன். நீங்கள் கவனிக்க வேண்டியது லக்கம் அருவி. அங்கே விழும் நீர் முதிரப்புழைக்கு வராது. அது பாம்பாற்றில் சேர்ந்து கிழக்கே ஓடி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கேரளத்தில் கிழக்கே பாயும் ஆறுகள் மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. நேற்றுப் போட்ட அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் நீர் திரும்பும் அந்த மேட்டை நீங்கள் தேயிலைக்கு நடுவே எங்கோ கடந்து வந்திருப்பீர்கள். அதற்கப்பால் காற்றும் பச்சையும் மாறிவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழையை ஆனைமுடித் தொடர் தடுத்துக்கொள்வதால் மறையூர் மழைமறைவு நிலம். அங்கே தேயிலைக்குப் பதில் கரும்பும் சந்தன மரமும் நிற்கின்றன. பாறைகளின் மேல் உள்ள ‘முனியறை’ எனப்படும் கற்திட்டைகள், அதாவது கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச்சின்னங்கள், தோட்டங்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மக்கள் இருந்ததைக் காட்டுகின்றன. மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் மரபுக்கதையில் சொல்லும் முதுவர்களும் இந்த மலைகளின் பழைய குடிகளே. மன்றோவின் ஆண்டில் வரலாற்றைத் தொடங்கும் பலகைகளை அதனால் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மீதி வரலாறு லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். பெரும்பாலோரைத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து நடத்திக் கூட்டிவந்தார்கள். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டத்தில் 1954-இல் திருவிதாங்கூர்த் தமிழர்களின் தலைவர் நேசமணி இங்கே வந்து கைதானார். 1956-இல் இரண்டும் கேரளத்திலேயே நின்றன. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஊரின் நடுவே சாலையில் உட்கார்ந்தார்கள். பேசப் போகிறவர்கள் கொழுந்தெடுக்கும் நேரத்தில் போய் நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். தோட்டத்துக்குள் நுழைய அனுமதி வாங்க வேண்டும். ஒப்புக்கொள்ளாதவரைப் படமெடுக்கக் கூடாது. ‘உங்களுக்குச் சொந்த ஊர் எதும்மா?’ என்று கேட்டால் பேச்சு தானே தொடங்கிவிடும். மூன்று, நான்கு தலைமுறை இங்கேயே பிறந்தவர்களும் அந்தக் கேள்விக்குச் சமவெளிக் கிராமம் ஒன்றின் பெயரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அடக்கம் செய்தது ராஜமலையில். உங்கள் கோட்டுப்படத்தின் ஓரத்தில் போடி, கோட்டகுடி என்று எழுதிய இடத்துக்குக் கீழே சற்று இடம் விட்டுக் கயத்தாறையும் எழுதி, அங்கிருந்து பெட்டிமுடிக்கு ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள்.