கமக்காரரிடம் கழிபடும் காசு: எங்கே, எப்படிக் கணக்குப் பார்ப்பது

கமக்காரரிடம் கூடுதலாக எடுக்கப்படும் காசில் பெரும்பகுதி ரூபாயாகத் தெரிவதில்லை. சந்தையில் கிலோவாகவும், உழவில் பரப்பாகவும், அறுவடையில் மணித்தியாலமாகவும் அது போய்விடுகிறது. ஆகவே விலை பேச முதல், எந்த அளவில் கணக்கு என்பதைப் பேசி முடியுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நெடுங்காலமாக உள்ள முறைப்பாடு 'கழிவு'. நூறு கிலோ கொண்டுபோனால் பத்தைக் கழித்துத் தொண்ணூறுக்குத்தான் காசு. மண், அழுகல், நிறை வற்றுவது என்று காரணம் சொல்வார்கள். இலை நறுக்கிக் கழுவிக் கொண்டுபோன பீற்றூட்டுக்கும் அதே பத்துத்தான் என்பதுதான் அநியாயம். கணக்கைப் பாருங்கள்: 100 கிலோ, கிலோ 150 ரூபாய் என்றால் 15,000. கழிவு போக 13,500. அதில் 10 வீதம் தரகும் எடுத்தால் 12,150. அதாவது உங்கள் கிலோ 121 ரூபாய் 50 சதத்துக்கே போயிருக்கிறது. கழிவும் தரகும் இல்லாமல் தோட்டத்தடியில் 125 தருகிறவர்தான் உங்களுக்குக் கூடத் தருகிறார். வாகனக் கூலியும் மிச்சம்.

சொத்தை, அழுகலை வீட்டிலேயே பிரித்து வேறாகக் கட்டுங்கள். தராசில் ஏற்ற முதலே, "கழிவு நான் எடுத்திட்டன், முழு நிறைக்கும் காசு போடுங்கோ" என்று சொல்லுங்கள். நிறுத்த பிறகு சொன்னால் எடுபடாது. வெறும் சாக்கையும் நிறுத்து வையுங்கள். சணல் சாக்கு பாரம், நனைந்தால் இன்னும் கூடும். உரப்பையோ மிகவும் லேசு. இரண்டுக்கும் ஒரே அளவு கழிக்க விடாதீர்கள். காலையில் புறப்படும்போது ஒரு மூட்டையையாவது தெரிந்த கடையில் நிறுத்துச் சாக்கிலே எழுதுங்கள். முதல்நாள் நிறுத்தால் பச்சை மிளகாயும் கீரையும் இரவோடு நிறை இறங்கி, வீண் வாய்த்தர்க்கம்தான் வரும். வியாபாரத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இடவேண்டும். அதில் எந்த ஆண்டு என்று பாருங்கள். சந்தை வாசலில் குத்தகைக்காரர் கேட்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தொகையில் சந்தேகம் என்றால் பிரதேச சபையில் விசாரிக்கலாம்.

உழவுக்கு வருவோம். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி. 121 அடி நீளம், 90 அடி அகலம் உள்ள துண்டு சரியாக 4 பரப்பு. கண்மதிப்பில் "அஞ்சு வரும்" என்றால் நாலில் ஒரு பங்கு கூடக் கொடுக்கிறீர்கள். நாடா பிடித்து அளந்து ஒருமுறை எழுதிவைத்தால் எல்லாப் போகத்துக்கும் உதவும். பரப்புக்கு இவ்வளவு என்றால் எத்தனை தரம் உழவு, மண்ணைத் தூளாக்கும் ரொட்டவேட்டர் அடிப்பும் அதற்குள் அடங்குமா, சின்னத் துண்டுக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டா, டீசல் விலை ஏறினால் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

நெல் வெட்டு மிசினில் ஏக்கர்க் கணக்கா, மணிக்கணக்கா என்பதே முக்கியம். நெல் சாய்ந்தாலோ வயல் ஈரமாக இருந்தாலோ மிசின் மெதுவாகத்தான் போகும். அப்போது மணிக்கணக்கு உங்களைத் தின்னும். மணிக்கணக்குத்தான் என்றால் வெட்டுத் தொடங்கும்போதும் முடியும்போதும், மிசின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீற்றரைப் போனில் படம் எடுங்கள். அடைப்பு எடுக்கிற நேரம், பக்கத்து வயலிலிருந்து வருகிற நேரம் யார் கணக்கில் என்றும் முன்பே பேசுங்கள். மிசினை லொறியில் கொண்டுவரும் கூலியை அயல் வயல்காரரோடு பிரிக்கலாம். அதற்கு ஒரே நாளில் வெட்டத் தயாராக இருக்கவேண்டும்.

தண்ணி மோட்டர் எரிந்து, புதுக் கம்பி சுற்ற (வைண்டிங்) கொடுத்தால் பழைய செப்புக் கம்பியைத் திருப்பிக் கேளுங்கள், அதற்கு விலை உண்டு. கடைக்காரரே எடுப்பதென்றால் கூலியில் கழிக்கட்டும். மாற்றிய பெயாரிங்கையும் கையில் வாங்குங்கள்.

லீசிங்கில் வட்டி வீதத்தை மட்டும் கேட்டால் போதாது. ஆவணக் கட்டணம், காப்புறுதி, மதிப்பீட்டுக் கூலி எல்லாம் கழித்துக் கையில் வரும் தொகை எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், முந்திக் கட்டி முடித்தால் தண்டம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

உரக்கடை, மருந்துக்கடையில் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. தர மறுத்தாலோ குறித்த விலைக்கு மேல் எடுத்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கடையின் பெயர், திகதி, பொருள், கொடுத்த தொகை நாலையும் முதலே குறித்துவைத்துப் பேசுங்கள்.