காரில் பாஸ் எழவில்லை, இரைச்சல் மட்டும் வருகிறதா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

பாஸ் (அதிரும் அடி ஒலி) போதவில்லை என்றதும் பலர் செய்வது, இருக்கும் 10 இஞ்ச் வூஃபரை, அதாவது பாஸ் ஸ்பீக்கரை, கழற்றிவிட்டு 12 இஞ்ச் வாங்குவது. பெட்டியின் மேல் 1200 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது கணநேரத்துக்கு மட்டும் தாங்கும் மேக்ஸ் கணக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் 300 என்றிருக்கும், அதுதான் தொடர்ந்து தாங்கும் வாட். ஆம்ப்பையும் (ஆம்ப்ளிஃபையர்) வூஃபரையும் அந்த ஆர்எம்எஸ் எண்ணை வைத்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். சின்ன ஹாட்ச்பேக்கில் 300 வாட் ஆர்எம்எஸ் ஒழுங்காக வந்து சேர்ந்தாலே டிக்கிக் கதவு அதிரும். அதிரவில்லை என்றால் பாஸ் எங்கோ தொலைந்துபோகிறது. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் அந்த இடத்தைத் தேடுங்கள்.

செலவே இல்லாத சோதனையிலிருந்து தொடங்கலாம். டோர் ஸ்பீக்கர் ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தால், ஒரு கோன் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும்; இரண்டு பக்க பாஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்டீரியோவில் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளிக் கேளுங்கள், பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் பாஸ் மெலிந்தால் போலாரிட்டி மாறியிருக்கிறது. எந்த ஸ்பீக்கர் என்று தெரிய, ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் 1.5 வோல்ட் பென்சில் செல்லின் பிளஸ்ஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் குறியீடு சரி. சப்வூஃபருக்கும் இதே நியாயம்தான். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்க, மற்றொருவர் ஆம்ப்பில் இருக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் போடட்டும். எதில் பாஸ் கனமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

கெயினை வால்யூம் என்று நினைப்பது

இதுதான் அதிக வூஃபர்களைக் கருக்கும் தவறு. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் வோல்டேஜுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதுதான் ஆம்ப்பில் இருக்கும் கெயின் குமிழின் வேலை. அதை முழுக்கத் திருகினால் ஆம்ப்பின் திறன் அதிகமாகிவிடாது. சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டு கிளிப்பிங் வரும், வூஃபருக்குள் இருக்கும் காயில் சூடாகும், கூடவே பாட்டு நின்றிருக்கும்போதும் 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்கும். இன்ஜின் ஆஃப் ஆக இருக்கும்போதும் அந்த சத்தம் வருகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கெயினைத்தான்.

கெயினைச் சரியாக வைக்க சாதாரண மல்டிமீட்டரே போதும். வூஃபர் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஈக்வலைசர், லவுட்னெஸ், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். வால்யூம் 40 வரை போகும் ஸ்டீரியோவில் 30 வைத்து, 0 டெசிபலில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட விடுங்கள். வேண்டிய வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும்: 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட், அதே 300 வாட் 2 ஓமில் 24.5 வோல்ட். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் அந்த எண் வரும்வரை கெயினை மெதுவாகத் திருப்பி, அங்கேயே நிறுத்துங்கள். ஆம்ப் அந்த ஓமில் தாங்கும் ஆர்எம்எஸ்ஸைத் தாண்டிக் கணக்குப் போடாதீர்கள்.

பாஸ் பூஸ்ட் குமிழைத் தொடாமல் இருப்பதே நல்லது. 6 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த அலைவரிசையில் 4 மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று பொருள். அதற்குப் பதில் சப்வூஃபருக்கு லோபாஸ் ஃபில்டர் (மேல் ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ், டோர் ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் ஃபில்டர் (அடி ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ் வைத்துத் தொடங்குங்கள். அடி பாஸின் சுமை இறங்கியதும் டோர் ஸ்பீக்கர் உடையாமல் பாடும், குரலும் தெளியும்.

இரைச்சலுக்கு ஃபில்டர் வாங்குவது

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'உய்ய்ய்' என்ற சத்தம் மேலே ஏறினால் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல். கடையில் உடனே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற இரைச்சல் ஃபில்டரைக் கையில் கொடுப்பார்கள். மலிவானவற்றுக்குள் இருப்பது கட்டைவிரல் அளவு டிரான்ஸ்ஃபார்மர். அது அடி பாஸைச் சரியாகக் கடத்தாது. இரைச்சல் போகும், கூடவே பாஸும் போகும்.

கோளாறு பெரும்பாலும் எர்த்தில்தான், அதாவது ஆம்ப்பின் மைனஸைக் காரின் பாடியோடு இணைக்கும் இடத்தில்தான் இருக்கும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் அடிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தப் போல்ட்டைத் தளர்த்துவது உயிர் பாதுகாப்போடு விளையாடுவது. பெயின்ட்டும் பசையும் இருப்பதால் அங்கே நல்ல தொடர்பும் கிடைக்காது. பாடியின் கனமான தகட்டில் ஓர் இடம் தேர்ந்து, பின்பக்கம் பெட்ரோல் டேங்க்கோ பிரேக் லைனோ இல்லை என்று பார்த்து, 100 நம்பர் உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியத் தேயுங்கள். கிரிம்ப் செய்த லக், ஸ்டார் வாஷர், போல்ட், நட் போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் பூசிவிடுங்கள், துரு பிடிக்காது. எர்த் ஒயர் 45 சென்டிமீட்டருக்குள், பவர் ஒயரின் அதே கேஜில் (கம்பியின் தடிமன்) இருக்க வேண்டும். சரிபார்க்க: பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்ப்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த் சரியில்லை.

எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் வந்தால், சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டு ஸ்டீரியோவின் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரை ஆம்ப்பிலிருந்து பிடுங்கி, மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் பழுது ஆம்ப் பக்கம். நின்றுவிட்டால் ஒயரிலோ ஸ்டீரியோவிலோ. சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏவின் வெளி வளையத்தை பாடியோடு இணைக்கும் ஒரு நுண்ணிய ஃபியூஸ் உள்ளே இருக்கும். பவர் ஓடும்போதே ஆர்சிஏவைச் செருகிப் பிடுங்கினால் அது எரிந்துவிடலாம். ஒரு துண்டு ஒயரால் அந்த வளையத்தை ஸ்டீரியோவின் உலோகப் பெட்டியோடு தொட்டுப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். மொபைல் சார்ஜர், டேஷ்கேம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க மறக்காதீர்கள்.

பவர் ஒயரை வாங்கும்போது உறையின் தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் வந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடத்தும் திறன் செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். 500 வாட் ஆர்எம்எஸ்ஸுக்கு முழுச் செம்பில் 4 கேஜ் போடுங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டில் ஒயர் நுழையும் ஓட்டையில் குரோமெட் என்ற ரப்பர் வளையம் கட்டாயம். இந்த இரண்டும் இல்லாத காரில் தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்தால் வண்டியே தீப்பிடிக்கலாம். ஆர்சிஏ ஒரு பக்கம், பவர் மறு பக்கம் போகட்டும்.

டோரும் பெட்டியும்

டோர் முழுக்க டேம்பிங் ஷீட் ஒட்டினால்தான் பலன் என்பது உண்மையில்லை. வெளித் தகட்டின் நடுப்பகுதியில் 25 முதல் 30 சதவீதம் ஒட்டினாலே தகரச் சத்தம் பெரும்பாலும் அடங்கும். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் வாங்குங்கள். தார் கலந்த மலிவு ஷீட் நம்மூர் மே மாத வெயிலில் இளகி வழியும், நாறும். ஒட்டுமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ரோலரால் அழுத்துங்கள். மீதி ஷீட்டை உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை மூடப் பயன்படுத்துங்கள். கோனின் பின்பக்கக் காற்று முன்பக்கம் வந்து கலப்பது நின்றதும் மிட்பாஸ் எழுவது உடனே தெரியும். மூடுமுன் கண்ணாடியை முழுக்க இறக்கி, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். டோரின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். ஒரு மழைக்காலத்திலேயே துரு ஏறும்.

ஆனால் டயர் சத்தம் குறைய வேண்டும் என்று இந்த ஷீட்டை நம்பாதீர்கள். இது தகட்டின் அதிர்வை அடக்கும், வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்காது. அதற்கு ஃப்ளோரிலும் வீல் ஆர்ச்சிலும் கனமான வினைல் விரிப்பும், அதன் அடியில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோமும் வேண்டும்.

வூஃபர் பெட்டியை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில், கம்பெனி தரும் லிட்டர் அளவுக்குச் செய்யுங்கள். மூட்டுகளில் காற்றுக் கசிவு கூடாது. போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டி 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் ஆகியிருந்தால், மிக அடி ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை 28 முதல் 30 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே கோனைத் தாங்கிப் பிடிக்கக் காற்றழுத்தம் இருக்காது, அது கட்டுப்பாடின்றி ஆடி உடையும்.

எல்லாம் முடிந்தபின் 30லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓட விட்டு, நம்பர் பிளேட், பார்சல் ட்ரே, டோர் பேட் என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கே அழுத்தினால் கடகடப்பு நிற்கிறதோ, அங்கே ஒரு துண்டு ஃபோம் டேப்.