மோட்டார் சைக்கிளைக் கப்பலேற்றித் தாயகம் போவோருக்கு

ஜேர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு வரும் இளம் பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, பைக்கை இங்கயிருந்தே கொண்டு போகேலுமோ?" கொண்டு போகலாம். நான் ஹம்பேர்க்கில் ஏற்றிச் சென்னையில் இறக்கி, மூன்று மாதம் ஓடிவிட்டுத் திருப்பியும் கொண்டு வந்தேன். ஆனால் எத்தனை நாள் லீவு என்று கேட்காமல் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. நாலு கிழமை லீவு என்றால் வேண்டாம். வீட்டு வாசலில் இருந்து சென்னை வரை கடல் வழியாக இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 கடைசியில் செங்கடலில் பிரச்சினை தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. அதிலேயே பத்து நாளுக்கு மேல் கூடிப்போனது.

நாலு கிழமைக்காரருக்கு நல்ல வழி வாடகை பைக்தான். ரோயல் என்ஃபீல்ட் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகிறது. எந்தச் சிற்றூரில் நின்றுபோனாலும் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருப்பார். உங்கள் ஜேர்மன் பைக்கின் எண்ணெய் வடிகட்டி அந்த ஊரில் கிடைக்காது.

கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீற்றருக்கு மேல் போகும் தேசிய நெடுஞ்சாலை 44ஐ முழுதாக ஓடவேண்டும், அங்கிருந்து லடாக் ஏறவேண்டும், பிறகு நேபாளம் என்று மூன்று நாலு மாதம் வைத்திருப்பவருக்குத்தான் சொந்த பைக் பெறுமதி. தரைவழியே ஓடிப் போகலாம் என்ற பழைய கனவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று வந்து வாகா எல்லையால் இந்தியாவுக்குள் நுழைவதுதான் ஐரோப்பியர்களின் வழமையான பாதையாக இருந்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அந்த எல்லையின் இந்தியப் பக்க வாசலான அட்டாரியை இந்தியா பூட்டிவிட்டது.

கார்னே என்ற புத்தகம்

இந்தப் பயணத்தில் பைக்கை விட முக்கியமான பொருள் ஒரு கடதாசிப் புத்தகம். கார்னே டு பசாஜ் என்பார்கள். வாகனத்துக்கான பாஸ்போட் என்று நினையுங்கள். "இந்த வாகனத்தை விற்கமாட்டேன், திருப்பிக் கொண்டு போய்விடுவேன், இல்லையென்றால் வரியை என் சங்கம் கட்டும்" என்று நீங்கள் அந்த நாட்டுச் சுங்கத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதம் அது. இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்றுக்கும் வேண்டும். அது இல்லாமல் இறக்கினால் முழு இறக்குமதி வரி. அது பைக்கின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

ஜேர்மனியில் ஏ.டி.ஏ.சி., சுவிஸில் டி.சி.எஸ். என்று அந்தந்த நாட்டு வாகனச் சங்கங்கள் தருகின்றன. கட்டணத்தோடு ஒரு வைப்புப் பணமும் கேட்பார்கள். வாகனத்தின் பெறுமதியையும் நீங்கள் போகும் நாடுகளையும் பார்த்து அந்தத் தொகையை முடிவு செய்வார்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் அது திரும்பி வரும். ஆனால் ஆயிரக்கணக்கான யூரோ பல மாதம் முடங்கிக் கிடக்கும். பயணச் செலவுக் கணக்கில் இதை மறந்துவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் அதிகம்.

புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே வரும்போது சுங்கம் ஒரு துண்டைக் கிழித்து எடுக்கும், வெளியே போகும்போது இன்னொன்றை எடுக்கும். மேலே மிஞ்சும் அடிக்கட்டையில் இரண்டு முறையும் முத்திரை விழவேண்டும். புத்தகம் ஒரு வருடம் செல்லும். ஆனால் இந்தியாவுக்குள் வாகனம் நிற்க வழமையாக ஆறு மாதம்தான். விசாவின் நாள் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதை நாட்காட்டியில் சிவப்பால் குறியுங்கள்.

இனி எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரும் தலைவலி. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. ஐரோப்பிய பாஸ்போட்டில் சிலருக்கு அது தலைகீழாக மாறியிருக்கும், சிலருக்கு முதலெழுத்தோடு நிற்கும். எனக்கு பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருந்தது. வாகனப் பதிவிலும் கார்னேயிலும் அதே மாதிரி. சரக்கு அனுப்பியவர்கள் மட்டும், சரக்கை ஏற்றுக்கொண்டதற்குத் தரும் கப்பல் சீட்டில் முதலெழுத்தைப் போட்டுச் சொந்தப் பெயரையும் ஓர் எழுத்துக் குறைத்து அடித்துவிட்டார்கள். பி.எல். என்று சொல்லும் அந்தச் சீட்டு கையில் வந்தபோது நான் பெயரைப் பார்க்கவே இல்லை, எடையைத்தான் பார்த்தேன். சென்னையில் "இவரும் அவரும் ஒரே ஆளா?" என்று கேட்டார்கள். திருத்தக் கடிதம் ஹம்பேர்க்கில் இருந்து வரும் வரை ஒன்பது நாள் பைக் இருந்த பெட்டி கிடங்கில் கிடந்தது. ஒவ்வொரு நாளுக்கும் வாடகை.

ஆகவே பாஸ்போட், வாகனப் பதிவு, கார்னே, பி.எல். நாலையும் மேசையில் பரப்பி வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சட்டக இலக்கம், இயந்திர இலக்கம் இரண்டையும் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்தால் போதாது. பைக்கில் பொறித்திருப்பதைக் குனிந்து பார்த்து வாசியுங்கள். சுங்க அதிகாரியும் அதைத்தான் பார்ப்பார். பக்கப் பெட்டிகள், மேலதிக ரயர் போன்றவை போகிறதென்றால் அவற்றையும் கார்னேயில் எழுதச் சொல்லுங்கள்.

பெட்டி

புதுப் பெட்டி செய்விக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் விற்கும் கடைகளுக்குப் புது வண்டிகள் இரும்புச் சட்டத்தில் வருகின்றன. கடைக்காரர் அதை எறியத்தான் வைத்திருப்பார். கேட்டால் சும்மா தருவார். மரப்பெட்டி என்றால் வெப்பத்தில் பதப்படுத்திய பலகையாக இருக்கவேண்டும், கோதுமைக் கதிர் போட்ட சர்வதேச முத்திரை தெரியவேண்டும். முத்திரை இல்லாத பலகையை இந்தியத் துறைமுகத்தில் மறிப்பார்கள்.

பெட்டியின் அளவில்தான் காசு இருக்கிறது. மற்றவர்களின் சாமானோடு ஒரே கொண்டெய்னரில் பகிர்ந்து போகும்போது கன மீற்றர் கணக்கில்தான் கட்டணம். விமானத்தில் இது இன்னும் கொடூரம். ஒரு கன மீற்றரை ஏறக்குறைய 167 கிலோ என்று எண்ணி, அதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு எது கூடவோ அதற்குக் காசு. 2.2 மீற்றர் நீளம், 0.9 அகலம், 1.2 உயரம் உள்ள பெட்டி, பைக் இருநூறு கிலோ என்றாலும், 396 கிலோவாகக் கணக்கில் வரும். முன் சில்லைக் கழற்றி, கண்ணாடிகளையும் முன்காப்பையும் எடுத்து, கைபிடியைத் தளர்த்தி 1.9க்கு 0.8க்கு 1.1 ஆக்கினால் 279 கிலோ. அரை நாள் வேலைக்கு நூறு கிலோவுக்கு மேல் மிச்சம். நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு இருபது அடிக் கொண்டெய்னரைத் தனியாக எடுப்பதையும் விசாரியுங்கள்.

பெற்றோலில் ஓடுவது என்பதால் மோட்டார் சைக்கிள் ஆபத்தான சரக்கு வகையில் வரும், அதற்கான சர்வதேச இலக்கம் யூ.என். 3166. தாங்கியை வடித்து, பற்றரியைக் கழற்றி முனைகளைக் காப்பிட்டு மூடுங்கள். லித்தியம் பற்றரி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்குள் இடம் இருக்கிறதே என்று சொக்கலேட், சென்ட், மச்சானுக்கு சப்பாத்து, பெரியம்மாவுக்கு மின்கம்பளி என்று அடைக்காதீர்கள். எங்கள் கை சும்மா இருக்காது, தெரியும். கார்னே வாகனத்துக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் தனி இறக்குமதி, தனிப் பத்திரம், தனி வரி. ஒரு பெட்டி சொக்கலேட்டால் முழுப் பைக்கும் நிற்கும்.

இன்னொன்று, மலையேறும் பைக்காரர்கள் வைத்திருக்கும் செய்மதித் தொடர்புக் கருவி. அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு போவது குற்றம். விமான நிலையங்களில் பிடிபட்ட வெளிநாட்டவர்கள் உண்டு. சாதாரண வழிகாட்டிக் கருவி பரவாயில்லை.

சென்னையில்

சென்னைக்கான சரக்குகளில் பல கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாறித்தான் போகின்றன. என் பெட்டியும் அங்கே ஐந்து நாள் கிடந்தது. எனக்கு முன்னரே அது இலங்கையைத் தொட்டுவிட்டது, வெளியே வரத்தான் அனுமதியில்லை.

பெட்டி இறங்கியதும் துறைமுகத்துக்கு வெளியே உள்ள சரக்குக் கிடங்குக்குப் போகும், சி.எஃப்.எஸ். என்பார்கள். நீங்கள் முதலில் கப்பல் முகவரிடம் பி.எல். கொடுத்து, கட்டணம் கட்டி, விடுவிப்புக் கடிதம் வாங்கவேண்டும். பிறகு ராஜாஜி சாலையில் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சுங்க மாளிகையில் கார்னே வேலை. அதன் பிறகு கிடங்கில் அதிகாரி வந்து இலக்கங்களைப் பார்ப்பார், முத்திரை விழும், வெளியேறும் சீட்டு கிடைக்கும். தனியாகச் செய்து பார்க்கிறேன் என்று நிற்காதீர்கள். ஒரு கிளியரிங் ஏஜென்ட் வேண்டும், அதுவும் கார்னே வாகனம் முன்பு எடுத்தவர். "எத்தனை கார்னே எடுத்திருக்கிறீர்கள்?" என்று நேரே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த ஆளிடம் போங்கள்.

ஐரோப்பாவில் சொல்லும் கடல் கட்டணம் சிரிப்பு வருமளவுக்கு மலிவாக இருக்கும். உண்மையான செலவு இறங்கும் இடத்தில்தான். கிடங்குக் கட்டணம், கையாளும் கட்டணம், விடுவிப்புக் கடிதத்துக்கு ஒன்று, ஏஜென்டுக்கு ஒன்று. எனக்கு இவை எல்லாம் சேர்ந்து கடல் கட்டணத்தைத் தாண்டின. ஏற்றுவதற்கு முன்பே சென்னைப் பக்கக் கட்டணங்களை வரிவரியாக எழுத்தில் வாங்குங்கள். இலவச நாட்கள் எத்தனை, அதற்குப் பிறகு நாளுக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும்.

பெட்டி வந்து சேரும் நாளையும் பாருங்கள். நவம்பர், டிசம்பர் புயல் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து சென்னையையே முடக்கியது. பொங்கலை ஒட்டி அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும். தைப்பொங்கல் முடிந்து வந்து இறங்கினால் மழையும் இல்லை, சித்திரை வெயிலும் இன்னும் வரவில்லை.

ஐரோப்பியக் காப்புறுதி அங்கே செல்லாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், அங்கேயே வாங்கவேண்டும். அரசு காப்புறுதி நிறுவனங்களின் கிளைக்கு நேரே போங்கள். எங்கள் இலக்கத் தகட்டைக் கணினி ஏற்காமல் நான் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். பொறுமையான ஒரு அம்மா கையால் நிரப்பித் தந்தார்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்புக்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1926, 1949, 1968 என்று சர்வதேச வீதிப் போக்குவரத்து உடன்படிக்கைகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் பத்திரம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1949 உடன்படிக்கையில் இருக்கின்றன. உங்கள் நாடு எந்த மாதிரியைத் தருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

ஓடும்போது

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இரு சக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. ஓரமாக ஒரு ஒடுங்கிய வழி இருக்கும். ஆனால் எல்லா விரைவுச்சாலையிலும் விடமாட்டார்கள். பெங்களூரு–மைசூரு பிரதான பாதையில் 2023 ஓகஸ்டில் இருந்து தடை, மும்பை–புனேயிலும் தடை. இந்திய பெற்றோலில் இப்போது 20 வீதம் எத்தனோல் கலந்திருக்கிறது. பழைய ஐரோப்பிய பைக் என்றால் ரப்பர்க் குழாய்களைப் புறப்படுமுன் மாற்றுங்கள். இரவில் ஓடாதீர்கள். வளைவுகள் வேண்டுமென்றால் கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி, வால்பாறைக்கு நாற்பது.

அக்கரைக்கு

தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை தார் ரோட்டில் போகலாம். அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான், ஆனால் பைக்குக்கு வழி இல்லை. 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகும் ஆட்களை மட்டும்தான் ஏற்றும். பைக்கை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வரலாமா என்று எல்லோரும் யோசிப்பார்கள். கார்னே வாகனத்தை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் நாட்டை விட்டு வெளியேறுவது சுங்கத்துக்குத் தெரியாமல் செய்கிற வேலையல்ல. ஏஜென்டிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கினால் மட்டும் செய்யுங்கள்.

கொழும்புக்குத் தனியாக அனுப்புவது என் கணக்கில் கட்டாது. கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 முழுவதுமே 321 கிலோமீற்றர். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை. அந்த ஓட்டத்துக்கு ஊரில் ஒரு வாடகை பைக் தாராளம். அங்கே ஓட சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாமல் போகலாம்; உள்ளூர் அனுமதியை எங்கே எடுப்பது என்று போகுமுன் விசாரியுங்கள்.

திரும்பும்போது

இரும்புச் சட்டத்தை எறியாமல் வைக்கச் சொல்லி ஏஜென்டிடம் முதல் நாளே பேசுங்கள். எனக்குச் சென்னையில் புதிதாக ஒன்று அடிக்கவேண்டி வந்தது. பைக் திருட்டுப் போனாலும், விபத்தில் நொறுங்கினாலும் கார்னேக் கணக்கு தானாக முடியாது. பொலிஸ் அறிக்கையோடு உடனே சுங்கத்துக்கும் உங்கள் சங்கத்துக்கும் அறிவியுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்குத் திரும்புபவர்கள் பைக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், ஒரு துளி மண் இருந்தாலும் உயிரியல் பாதுகாப்புக்காரர் விடமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வருபவர்கள் போகும்போது எடுத்த ஏற்றுமதிப் பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள். மூன்று வருடத்துக்குள் திரும்பும் சொந்தப் பொருளுக்கு வரி இல்லை.

சென்னையில் பெட்டி மூடப்படும்போது நீங்களும் நில்லுங்கள். வெளியேறும் முத்திரை அடிக்கட்டையில் விழுந்ததை உங்கள் கண்ணால் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். அது இல்லாமல் வைப்புப் பணம் வராது.