ஜப்பானிய நிலநடுக்கப் பதிவுகளைத் தொகுப்பது எப்படி? நான் இடறிய இடங்களுடன்

ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் பகுதிகளுக்கு நிலநடுக்க அபாயத்தைக் கணிக்கப் பழகுகிறவர்கள் ஜப்பானிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே அமைத்த கே-நெட், கிக்-நெட் என்ற நில அதிர்வு அளக்கும் நிலையங்களின் பதிவுகள் இலவசம். கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். பயிற்சிக்கு 2011 மார்ச் 11 தோஹோகு நிலநடுக்கத்தையும் (அளவு 9.0), ஏப்ரல் 7 மியாகி நிலநடுக்கத்தையும் (7.1) இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணை முடுக்கமாக்குங்கள்

கே-நெட் நிலையம் ஒன்றுக்குத் திசைக்கு ஒன்றாக மூன்று கோப்புகள். முதல் 17 வரி தலைப்பு, மீதி வெறும் எண்கள். தலைப்பில் 3920/6182761 போல ஒரு பின்னம் இருக்கும். அதால் பெருக்கினால் முடுக்கம் ‘கால்’ அலகில் வரும்; ஒரு கால் என்பது வினாடி வர்க்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர். (கலிலியோ பெயரில் வந்த கால், நடக்கிற கால் அல்ல.) எல்லாக் கோப்பிலும் இதே பின்னம் இருக்காது, ஆகவே நிரலில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். பிறகு சராசரியைக் கழியுங்கள். மார்ச் 11 அன்று சுகிதாதே நிலையத்தில் மூன்று திசையும் சேர்ந்த உச்சம் 2933 கால். உங்களுக்கும் அது வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: நேரம்

தலைப்பில் இருப்பது ஜப்பான் நேரம். உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்ற 9 மணி நேரம் கழிக்க வேண்டும். பதிவு தொடங்கிய நேரத்தில் இன்னும் 15 வினாடி கழிக்க வேண்டும், கருவியின் தாமதம் அது. பைத்தான் நிரல்மொழியின் அப்ஸ்பை (ObsPy) என்ற நிரல் தொகுப்பு இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. எக்செல் பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: எந்த வகை நிலநடுக்கம்?

என் ஒரு வாரத்தைத் தின்ற படி இது. தட்டுகள் உரசும் பரப்பில் நிகழ்வது ஒரு வகை; அமிழும் தட்டு உள்ளுக்குள் உடைவது வேறு வகை. ஒரே அளவில் இரண்டாவது வகை, வேகமாக ஆடும் குறுகிய கால அலைகளில் கூடுதலாக உலுக்கும். அதிர்வைக் கணிக்கும் சமன்பாடுகளும் தனித்தனி. ஏப்ரல் 7 நிகழ்வை மார்ச் 11-இன் பின்னதிர்வு என்று நினைத்துப் பரப்பு வகையில் போட்டுவிட்டேன். இரண்டும் அமுக்கத்தால் உடைந்தவை என்பதால் சந்தேகமும் வரவில்லை. வரைபடத்தில் மட்டும் அதன் புள்ளிகள் சமன்பாடு கணித்த கோட்டுக்கு மேலேயே நின்றன. நிரலில் பிழை தேடித் தேடி ஓய்ந்த பிறகுதான் ஆழத்தைப் பார்த்தேன்: அது பசிபிக் தட்டின் உட்புறத்தில் உடைந்தது. இப்போது ஒவ்வொரு நிகழ்வின் ஆழத்தையும் அமிழும் தட்டுகளின் வடிவத்தைக் காட்டும் ஸ்லாப்2 (Slab2) மாதிரியின் தட்டுப் பரப்போடு ஒப்பிட்டு, உடைந்த தளத்தின் சாய்வையும் பார்த்த பிறகே பெயர் சூட்டுகிறேன்.

படி 4: தூரம்

தோஹோகு போன்ற பெரியவற்றுக்கு நிலையத்தின் தூரத்தை நிலநடுக்க மையத்திலிருந்து அளக்காதீர்கள். ஹிதாச்சி நகரம் மையத்திலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால். உடைந்த தளமோ அதைவிட மிக அருகே வந்துவிட்டது. தளத்தின் மிக நெருங்கிய புள்ளியைத்தான் எடுக்க வேண்டும். நிலையம் எரிமலை வரிசைக்குக் கிழக்கா மேற்கா என்றும் குறித்துவையுங்கள். மேற்கே அதிர்வு வேகமாகத் தேயும்.

படி 5: வடிகட்டல்

ஒவ்வொரு பதிவுக்கும் இரைச்சலைப் பார்த்து, இரைச்சல் மிகுந்த அதிர்வெண்களைத் தனியாக வெட்டுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை என்பது சோம்பேறித்தனம்.

பிற்சேர்க்கை: கிக்-நெட்டில் உச்சம் மிகக் குறைவாக வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அங்கே ஒரு நிலையத்துக்கு ஆறு கோப்புகள். பெயரின் இறுதியில் 1 என்றால் ஆழ்துளைக்குள் இருக்கும் கருவி, 2 என்றால் தரைமட்டக் கருவி. அவர் எடுத்தது 1.