முதுகுவலி உள்ளவர் பேஸ் கிட்டார் தேர்ந்தெடுக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஓய்வு இல்லை. மாரியம்மன் திருவிழாக் கச்சேரி இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். அவ்வளவு நேரமும் நான்கு கிலோ மரத்தை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழ்முதுகில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் எனக்கு வாசிப்பை விட மனம் வரவில்லை. எடை குறைந்த கருவியைத் தேடி முதலில் ஏமாந்து, பிறகே சரியானதைக் கண்டுகொண்டேன். அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதை, இதே வலியோடு கருவி வாங்கப் புறப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வழக்கமான நான்கு தந்தி பேஸ் மூன்றரை கிலோ முதல் நான்கரை கிலோ வரை இருக்கும். ஐந்து தந்தி உள்ளவற்றில் ஐந்து கிலோவை எட்டுபவையும் உண்டு. முதுகு நலமாக இருப்பவருக்கு இந்த ஒரு கிலோ வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வட்டு பிதுங்கியவருக்கோ இரண்டாவது மணி நேரத்தில் அது காலுக்குள் இறங்கும் வலியாகத் தெரியும். மூன்றரை கிலோவுக்கு மேற்பட்ட எதையும், அதன் ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், எடுத்துப் பார்க்காமலேயே விலக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. எடுத்து வாசித்துவிட்டால் மனம் அதையே கேட்கும்.

எடையை நீங்களே நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும், கருவியின் உடலுக்கு வாய்த்த மரத்துண்டைப் பொறுத்து இரண்டு கருவிகளுக்கு இடையே அரை கிலோவுக்கு மேல் கூட வேறுபடலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை வேறொரு துண்டின் எடையாக இருக்கக்கூடும். பயணப்பெட்டியை நிறுக்கும் சிறிய தொங்கு தராசு ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அது இல்லையென்றால், ஆள் நிற்கும் எடைக் கருவியில் பேஸோடு ஒரு முறையும் பேஸ் இல்லாமல் ஒரு முறையும் ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். நான் பழைய கருவியை முதன்முதலில் நிறுத்தது கிருஷ்ணகிரியில் நண்பர் ஒருவரின் மாங்காய் மண்டியில், கூடைகளுக்கு நடுவே. நான்கு கிலோ அறுநூறு கிராம் என்று தராசு காட்டியபோதுதான், அத்தனை ஆண்டுகளாக எதைச் சுமந்துகொண்டிருந்தேன் என்பது புரிந்தது. இணையத்தில் வாங்குபவர்கள், தங்களுக்கு அனுப்பப்போகும் அதே கருவியைத் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்க வேண்டும். அதற்கு இசையாத விற்பனையாளரிடம் முதுகுவலிக்காரர் வாங்கக் கூடாது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் தாமதமாகத் தெரியவந்த செய்தி. பழையதை விற்றுவிட்டு மூன்று கிலோ நானூறு கிராம் எடையுள்ள பேஸ் ஒன்றை வாங்கினேன். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டதே என்ற மகிழ்ச்சி ஒரு கச்சேரிகூட நீடிக்கவில்லை. இடது தோளிலும் பிடரியிலும் முன்பு இல்லாத வலி தொடங்கியது. காரணம் எடை அன்று, சமநிலை. கருவியின் உடல் மரம் இலேசாகவும், அதன் கழுத்தும் தலைப்பகுதியும் கனமாகவும் இருந்ததால், இடது கையை எடுத்த மறுகணமே தலைப்பகுதி தரையை நோக்கிச் சரிந்தது. வாசிப்பவர்கள் இதை 'நெக் டைவ்' என்பார்கள். சரியும் கழுத்தை வாசிக்கும் நேரம் முழுவதும் இடது கை தாங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கையைத் தாங்கத் தோள் உயரும். உயர்ந்த தோளுக்கு ஈடுகொடுக்க இடுப்பு ஒருபக்கம் வளையும். வளைந்த இடுப்போடு மூன்று மணி நேரம் நின்றால், தராசில் குறைந்த ஒரு கிலோவால் பயன் ஏதும் இல்லை.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க முடியும். வீட்டில் பயன்படுத்தும் ஸ்ட்ராப்பையே (தோளில் மாட்டும் வார்) கொண்டுபோய் மாட்டி, வழக்கமான உயரத்தில் வைத்து நின்று, இரண்டு கைகளையும் மெல்ல எடுத்துவிடுங்கள். கழுத்து கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நின்றால் நல்லது. மெதுவாக இறங்கினால் யோசிக்க வேண்டும். சட்டென்று சரிந்தால் அந்தக் கருவி வேண்டாம். வழுவழுப்பான நைலான் ஸ்ட்ராப்பில் சரியும் கருவி, உட்புறம் சொரசொரப்பான தோல் உள்ள ஸ்ட்ராப்பில் சரியாமல் நிற்பதும் உண்டு, ஆகையால் இரண்டையும் வைத்துப் பார்ப்பது நியாயமானது. கண்ணால் பார்த்தே ஓரளவு கணிக்கவும் ஒரு வழி இருக்கிறது: உடலின் மேல் கொம்பில் ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் ஏறக்குறைய கழுத்தின் பன்னிரண்டாவது பிரெட்டுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேராக வந்தால் பெரும்பாலும் சமநிலை இருக்கும், கொம்பு குட்டையாகி, குமிழ் உடலை நோக்கிப் பின்வாங்கப் பின்வாங்கக் கழுத்து சரியும். ஏற்கெனவே வைத்திருக்கும் கருவி சரிகிறது என்றால் அதை விற்பதற்கு முன், தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் நான்கு டியூனிங் கீகளையும் எடை குறைந்த வகைக்கு மாற்றிப் பாருங்கள். மொத்தத்தில் குறைவது 100 கிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால் அது நெம்புகோலின் கடைக்கோடியில் குறைவதால், சமநிலைக்கு நன்றாக உதவும்.

எந்த வகைக் கருவிகளிடையே தேடுவது என்ற கேள்விக்கு என் முதல் விடை, குறுகிய ஸ்கேல் பேஸ், அதாவது தந்தி நீளம் குறைந்தது. ஃபென்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டதிலிருந்து 34 அங்குலத் தந்தி நீளமே பொது வழக்கமாகிவிட்டது. அதே நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த மஸ்டாங் பேஸ் 30 அங்குலம். நான்கு அங்குலம் குறையும்போது கழுத்தும் பெரும்பாலும் உடலும் சிறுத்துவிடுகின்றன. முதல் பிரெட்டைத் தொட இடது கை எட்டிப் போக வேண்டியிருக்காது என்பதால் முதுகெலும்பு திருகுவதும் குறைகிறது. தந்தி சற்றுத் தளர்ந்திருக்கும், கீழ்ச்சுரங்கள் உருண்டு ஒலிக்கும். பழைய திரையிசைப் பாடல்களுக்கு அந்த ஒலி மிகவும் பொருந்துகிறது என்பது என் அனுபவம். குறுகிய ஸ்கேலுக்கென்று தனித் தந்திகள் வாங்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அவை எப்போதும் கிடைக்காது என்பதால் பெங்களூரு செல்லும்போது இரண்டு செட் வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

உள்ளே குடைந்த உடல் கொண்டவை அடுத்த வகை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் வடிவ பேஸ் இந்த வகையில் புகழ்பெற்றது. அந்த மாடல் இரண்டரை கிலோவை ஒட்டியே இருக்கும். தேவாலயத்தில் அமைதியான ஒலியளவில் வாசிப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். திருவிழா மேடைக்கோ, ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு அருகில் நிற்க வேண்டியிருப்பதால், குடைந்த உடல் அந்த ஒலியைத் தானே வாங்கி ஊளையிடத் தொடங்கும். மூன்றாவதாக, 1980-களில் கருவி வடிவமைப்பாளர் நெட் ஸ்டெய்ன்பெர்கரால் பரவலான தலையில்லா பேஸ்கள். தலைப்பகுதியே இல்லாததால் நெக் டைவ் பெரும்பாலும் இராது, எடையும் குறைவு. வாங்குவதற்கு முன், அது சாதாரணத் தந்தியை ஏற்குமா, இரு முனையிலும் சிறு உலோகக் குண்டு உள்ள தந்திதான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பின்னது நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பவுலோனியா மிக இலேசானது, பாஸ்வுட் இலேசானது, ஆல்டர் நடுத்தரம், மேப்பிள் கனமானது என்ற அளவு தெரிந்திருந்தால் போதும். மீதியைத் தராசு சொல்லிவிடும்.

ஸ்ட்ராப்புக்குச் செலவிடத் தயங்காதீர்கள். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ளது எடையைத் தோளில் பரப்பிவிடும். இரண்டு தோள்களிலும் மாட்டும் வகையும் கிடைக்கிறது; ஒரு தோளில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் அதை முயன்று பார்க்கலாம். உட்கார்ந்து வாசிக்கும்போது கருவி எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் நிற்குமாறு ஸ்ட்ராப்பைச் சுருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது மேடையில் அழகாகத் தெரியலாம், ஆனால் அதை எட்டிப் பிடிக்கக் குனிய வேண்டியிருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அழகு வேண்டாம்.

கருவியில் ஒரு கிலோவைக் குறைத்துவிட்டு, இருபது கிலோ ஆம்ப்பை (ஒலியைப் பெருக்கும் பெட்டி) குனிந்து தூக்கி வேனில் ஏற்றினால் செய்த முயற்சியெல்லாம் வீணாகிவிடும். பெரும்பாலான கச்சேரிகளில் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் மிக்ஸரில் டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வழியாக நேரே இணைத்துவிடலாம், ஆம்ப் தேவையே படாது. கெட்டியான பெட்டிக்குப் பதிலாக இரு தோள்பட்டை உள்ள பஞ்சு வைத்த பையைப் பயன்படுத்துங்கள். பெட்டி மட்டுமே கருவியின் எடையை நெருங்கிவிடும். பேருந்தில் தருமபுரியிலிருந்து ஓசூர் வரை போகிறவர் பையை மடியில் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.

கால் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் கருவியைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த இலேசான கருவியும் அதற்கு மருந்தாகாது.

கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வாசித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். முதுகு தன் கருத்தைச் சொல்ல இருபது நிமிடமாவது ஆகும். கூட்டமில்லாத வார நாளில் சென்று, முதுகுவலி இருப்பதை மறைக்காமல் சொல்லி, அரை மணி நேரம் நின்றுகொண்டே வாசிக்க அனுமதி கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் மறுக்கவில்லை. மறுநாள் காலை எழுந்ததும் முதுகு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இப்போது நான் வைத்திருப்பது மூன்று கிலோ இருநூறு கிராம் எடையுள்ள 30 அங்குல பேஸ். கையை எடுத்தாலும் கழுத்து சரியாமல் நிற்கிறது. கச்சேரியின் முதல் பாதியை நின்றும், இரண்டாம் பாதியை மேடையின் ஓரத்தில் போட்ட உயரமான ஸ்டூலில் அமர்ந்தும் வாசிக்கிறேன்.